பதினாலாவது கட்டம்

ஒரு அடி. ஒரே ஒரு அடி. அதுவும் அடுத்தவன் நிலத்தில் கேட்ட அடி இல்லை. தன் சொந்தக் கொல்லையில், தன் சுவருக்கு இந்தப் பக்கம், புல் முளைத்துச் சும்மா கிடக்கிற ஒரு அடி. அதற்காகத்தான் கரண்ட் அக்கா மூன்றாவது தடவையாக வேலையைப் போட்டுவிட்டு நகரமைப்பு அலுவலகப் படிகளில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள். விசாரணைக் கூடம் மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒட்டியிருந்த காகிதமே மஞ்சளாகிவிட்டது. பழுது என்னவென்று அவளுக்குப் போன தடவை எட்டிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, கால் மணி நேர வேலை. யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு.

கரண்ட் அக்கா என்பது தெரு வைத்த பெயர். வயது ஐம்பத்திரண்டு, அதில் முப்பது வருஷம் வயரிங் வேலை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் "கரண்ட் அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன், ஃபேன் சுத்த மாட்டேங்குது" என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம், குழந்தை என்று எதிலும் மாட்டிக்கொள்ளாதவள். அவளுக்கென்று இருப்பது ஒரே ஒரு அக்கா. இந்த ஒரு அடி அந்த அக்காவுக்கு.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவள். முப்பத்தோரு வருஷம் ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே சம்பாதித்தாள். ஓய்வு பெற்று உட்காரலாம் என்று நினைத்த வருஷம், சர்க்கரை நோய் வலது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. இடது கால் இருக்கிறது, ஆனால் உடம்பைத் தாங்காது. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேலே விட்டார்கள். அன்றைக்கு மேலே போனவள்தான், பதினொரு மாதமாகக் கீழே இறங்கவில்லை.

"நிலாவுக்குப் போனவனே திரும்பி வந்துட்டான்டி. நான் மூணாவது மாடியிலேர்ந்து வர முடியல" என்பாள், தங்கை சாமான் வாங்கிக்கொண்டு போகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். 

இப்போது அந்தக் கட்டடத்தையே இடிக்கப் போகிறார்களாம். எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தாயிற்று, அதில் மிச்சம் இருப்பது நாலு மாதம். வேறு வழியில்லாமல் ஊருக்கு வெளியே, இரண்டு மணி நேர பஸ் தூரத்தில், ஒரு காப்பகத்தில் பெயர் கொடுத்து வைத்திருந்தார்கள். அதன் படத்தை அக்கா வாங்கிப் பார்த்தாள். ஒரே கூடம், வரிசையாகப் பதினாறு கட்டில். "ஃபுல் லோடு போல. நிக்கிறவங்க யாரும் கிடையாது, எல்லாம் படுத்துக்கிட்டே பயணம்" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

உன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் கரண்ட் அக்காவின் வீட்டைப் பார்த்ததில்லை. மழைத் தண்ணீர் ஏறுகிற தெரு என்பதால் வாசலில் நாலு படி. உள்ளே போனால் நடை இரண்டேகால் அடி, கதவுகள் அதைவிடக் குறுகல். சக்கர நாற்காலியைக் கோணலாகத் திருப்பினாலும் நுழையாது. அதனால்தான் தண்ணீர் ஏறாத மேட்டுக் கொல்லையில், தரையோடு தரையாக, ஒரு அறையும் குளியலறையும் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். விதிப்படி பின்சுவரிலிருந்து பத்தடி இடைவெளி விட வேண்டும். எப்படி வரைந்தாலும் ஒன்பது அடிதான் வந்தது.

"ஒரு அடிதானேக்கா, பாத்ரூமைச் சின்னதாக்கிடலாமே" என்றார் பிளான் போட்டுக் கொடுத்தவர்.

கரண்ட் அக்கா சாக்பீஸை எடுத்து அவருடைய அலுவலகத் தரையிலேயே ஐந்தடிக்கு ஒரு வட்டம் போட்டாள். "இந்த வட்டத்துக்குள்ளதான் நாற்காலி முழுசாத் திரும்பும். ஒரு அடி குறைச்சா, முன்னாடி போனவ பின்னாடியே வரணும். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுக்கே ரைட் சொன்னவளை தினமும் நான் ரிவர்ஸ்ல இழுக்கட்டுமா?"

அவர் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்தார். இடைவெளியில் ஒரு அடி தளர்வு கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அதில்தான் அந்தப் பதினாலாவது கட்டம் இருந்தது. 'அடுத்த மனையில், பொதுச் சுவரிலிருந்து பத்தடிக்குள், குடியிருப்பு அறை ஏதேனும் உள்ளதா?' உள்ளது என்றால், அந்தப் பக்கத்து ஆட்சேபம் செல்லாது. அவர்களே நெருக்கிக் கட்டியிருக்கும்போது இவளுக்கும் அதே சலுகை கிடைத்துவிடும். இல்லை என்றால் அடுத்த மனைக்காரர் சம்மதிக்க வேண்டும்.

"இந்தக் கட்டத்துல ஒண்ணு எழுதுங்க, கேஸ் அன்னைக்கே முடிஞ்சிடும்" என்றார் பிளான்காரர். கரண்ட் அக்கா பேனாவை எடுத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், மூடி வைத்தாள். கட்டம் காலியாகவே போயிற்று.

எழுத ஒன்றும் இல்லாமலா? கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மைக் சார் வீடு. சுவரிலிருந்து சரியாக இரண்டே அடி தள்ளி அவர் ஒரு அறை கட்டியிருந்தார், அனுமதி இல்லாமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி, முன்னால் ஒரு தகரத் தடுப்பும் கொடிப் பந்தலும். அதற்கு வயரிங் செய்தவளே கரண்ட் அக்காதான். மைக் சார் மட்டுமா? சலவைக்கடைக்காரர் மொட்டை மாடியில் வாடகைக்கு விட்டிருக்கும் அறைக்கும் அவள்தான் கரண்ட் இழுத்தாள். டியூஷன் டீச்சர் கார் ஷெட்டை வகுப்பாக்கியபோது நாலு ஃபேன் மாட்டியவளும் அவள்தான். தெருவின் திருட்டுச் சுவர்கள் அத்தனையிலும் அவளுடைய வயர் ஓடுகிறது.

ஆனால் அவளுக்கு ஒரு பிடிவாதம். யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை, தொழிலில் தானாகப் படிந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறை வரைக்கும் போகிறவள் அவள். யார் வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள், எந்த அலமாரியில் மருந்து இருக்கிறது, எதில் பாட்டில் இருக்கிறது, எல்லாம் கண்ணில் படும். வாசலில் செருப்பை மாட்டும்போது எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும். ஒரு வார்த்தை வெளியே விட்டவளை அடுத்த தடவை எவரும் உள்ளே விடமாட்டார்கள். விடுகிறார்களோ இல்லையோ, அவளுக்கே பிடிக்காது.

இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரு வாயை மூட வேண்டுமே. விண்ணப்பம் போட்டதற்கான அறிவிப்புப் பலகையை வாசலில் மாட்டிய அன்றே ஆரம்பித்துவிட்டது.

மைக் சார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'உப்பு எங்கே' என்று அவர் வீட்டுக்குள் கேட்டால் தெருவில் போகிறவன் வண்டி தாமதமோ என்று நின்று கேட்பான். அவர் ஒரு மனுவை எழுதி, வீடு வீடாகப் போய்ப் பதினேழு கையெழுத்து வாங்கினார். சாக்கடை தாங்காது, தண்ணீர் போதாது, வண்டி நிறுத்த இடம் இல்லை, தெருவின் அமைதியான தன்மை கெட்டுவிடும். ஒற்றைக் கால் மனுஷி எந்த வண்டியை நிறுத்தப் போகிறாள் என்று அந்தப் பதினேழு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சலவைக்கடைக்காரரை வழியில் பிடித்துக் கேட்டாள். "அண்ணே, எள்ளு எண்ணெய்க்குக் காயுது. நீங்க எதுக்குக் காயுறீங்க? உங்க கடைக்கும் என் கொல்லைக்கும் என்ன சம்பந்தம்?"

"அவர் வந்து நின்னு சத்தமாப் படிச்சாரு, அக்கா. அவர் நிறுத்தினாப் போதும்னு கையெழுத்தைப் போட்டேன்" என்றார் அவர்.

மைக் சாரிடமும் நேரடியாகவே போனாள், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று.

"சார், என் அக்காவுக்குத்தான். உங்களுக்குத் தெரியாததா? உங்க அம்மாவை..."

"ஏம்மா, அந்தப் பேச்செல்லாம் இங்க எதுக்கு? விதின்னா விதி. இன்னைக்கு உனக்கு ஒரு அடி, நாளைக்கு இன்னொருத்தனுக்கு ரெண்டு அடி. இதுக்கு முடிவு என்ன?"

இரண்டு அடி என்று அவர் சொன்னபோது அவருக்குப் பின்னால் அந்த அறையே நின்றுகொண்டிருந்தது. கரண்ட் அக்காவுக்கு ஆத்திரம் பொங்கியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். வாளியிலிருந்து இறங்கி, வாளியை உதைத்துவிட்டு உள்ளே போனாள். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

முதல் விசாரணையில், அறிவிப்புப் பலகை மூன்றடி அகலம் இல்லை, இரண்டரை அடிதான் என்று மைக் சார் அளவு நாடாவோடு வந்து நிரூபித்தார். ஒத்திவைப்பு. இரண்டாவது விசாரணைக்கு அதிகாரியே வரவில்லை, விடுப்பாம், யாரும் சொல்லவில்லை. ஒத்திவைப்பு. மூன்றாவது இன்றைக்கு. இதை விட்டால் அடுத்த அமர்வு மூன்று மாதம் கழித்து. கட்டி முடிக்க மூன்று மாதம் வேண்டும். அக்காவுக்கு இனி இருப்பது நாலே மாதம். இன்றைக்கு முடியாவிட்டால் அவள் அந்தப் பதினாறு கட்டில் கூடத்துக்குத்தான் போக வேண்டும். காலையில் போனில் அக்கா சொன்னாள்: "வாயைத் திறந்து பேசுடி. உன் வாய்க்குப் பூட்டுப் போட்டா என் நாற்காலிக்கும் சேர்த்துப் பூட்டுன்னு அர்த்தம்."

கூடத்தில் ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஆறு ஃபேன், அதில் இரண்டு முனகின. அதிகாரி அம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பதினோரு சண்டை கேட்டு முடித்த முகம். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா மேஜை மணியைத் தட்டுவார்.

டியூஷன் டீச்சர் எழுந்தார். கட்டட வேலைச் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியாது என்றார். சலவைக்கடைக்காரர் எழுந்து, "அவர் சொல்லப்போறதுதான்" என்று மைக் சாரைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் மைக் சார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் அவருடைய ஃபைலையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு, முந்தைய இரண்டு விசாரணைக்கும் வந்தது போலவே வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் இருந்த மைக் வேலை செய்யவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

"மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு வணக்கம்!" என்றார். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

சாக்கடை முடிந்தது, தண்ணீர் முடிந்தது, அமைதியான தன்மையும் முடிந்தது. இரண்டரை நிமிஷம் ஆயிற்று. அதோடு உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பார். இன்னும் அரை நிமிஷம் இருக்கிறதே என்று ஆசை.

"எல்லாத்துக்கும் மேல, வெளிச்சம்! அந்தம்மா கூரை ஏத்தினா என் பின் ரூம் ஜன்னல்ல ஒரு பொட்டு வெயில் விழாது. சுவருக்கும் என் ஜன்னலுக்கும் நடுவுல ரெண்டே அடி மேடம். நாடா வச்சு அளந்து சொல்றேன், ரெண்டே அடி!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது வாய் மட்டும் இல்லை, நாடாவும் சேர்ந்து கெடுத்தது.

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "எந்த ரூம்?"

மணி அடித்தது. குமாஸ்தா கடமை தவறாதவர்.

"உங்க வீட்டுப் பிளான் இங்க இருக்கு. பின்னாடி இருபது அடி காலி இடம்னு போட்டிருக்கு. எந்த ரூம், எந்த ஜன்னல்?"

மைக் சாருக்கு முதல் தடவையாகக் குரல் இறங்கியது. "ரூம்னா... ரூம் இல்லை மேடம். கொட்டகை. தட்டுமுட்டுச் சாமான் போட்டு வச்சிருக்கோம்."

"கொட்டகைக்கு ஜன்னல் எதுக்கு?"

"காத்துக்கு."

"தட்டுமுட்டுச் சாமானுக்கா காத்து?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். டியூஷன் டீச்சருக்கு அந்த நிமிஷம் பார்த்துப் போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டே வெளியே போனார். சலவைக்கடைக்காரருக்குப் போன்கூட வரவில்லை, சும்மாவே எழுந்து போய்விட்டார்.

"இங்க பாருங்க" என்று அதிகாரி அலுத்துக்கொண்டார். "அனுமதி வாங்கினீங்களா இல்லையாங்கிறது வேற ஃபைல். அங்க இருக்கிறது ரூமா கொட்டகையாங்கிறதுதான் இந்த ஃபைல். கரண்ட் இருந்தா ரூம், இல்லேன்னா கொட்டகை. விதி அவ்வளவுதான். நேர்ல பார்க்க ஆள் அனுப்பினா இது அடுத்த அமர்வுக்குத்தான் திரும்பி வரும்." அவர் ஃபைலைப் புரட்டி, அப்புறம் கரண்ட் அக்காவைப் பார்த்தார். "நீங்க லைசென்ஸ் எலெக்ட்ரீஷியன்னு போட்டிருக்கு. அந்தத் தெருவுலேயே இருக்கீங்க. அங்க கரண்ட் இருக்கா? தெரிஞ்சா சொல்லுங்க, எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே உங்க ஃபைலை முடிச்சுடறேன்."

கூடமே திரும்பிப் பார்த்தது. கரண்ட் அக்கா எழுந்து நின்றாள்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. 'இருக்கு' என்றால் அக்காவுக்கு வீடு. அந்த ஆள் இவளுக்காக ஒரு துளி இரக்கம் காட்டினாரா? பலகையை அளந்தவர்! அவள் வாயைத் திறக்கவும் செய்தாள். அப்போது மைக் சாரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவருடைய அம்மா படுத்திருந்தது ஞாபகம் வந்தது. வயர் இழுக்க ஏணியில் நிற்கும்போது, 'விழுந்துடாத கண்ணு' என்று கட்டிலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்த கிழவி. அதுவும் ஒரு வீட்டுக்குள்ளே பார்த்தது, வாசலோடு மறக்க வேண்டியது.

"மேடம், நான் வேலை பார்த்த வீட்டைப் பத்தி வெளிய பேச மாட்டேன்" என்றாள்.

"அப்போ அங்க வேலை பார்த்திருக்கீங்க."

"தெருவுல எல்லா வீட்லயும் பார்த்திருக்கேன். ஒரு வீட்டைப் பத்தியும் பேச மாட்டேன். என் வீட்டைப் பத்திக் கேளுங்க, எவ்வளவு வேணும்னாலும் சொல்றேன்."

அதிகாரிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, உங்களுக்கு உதவத்தானே கேக்குறேன்? இந்தக் கட்டம் காலியா இருந்தா நான் என்ன பண்ணட்டும்? தள்ளுபடின்னு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை."

"எழுதுங்க" என்றாள் கரண்ட் அக்கா. தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிழைக்கத் தெரியாத ஜென்மம், உன் கௌரவத்துக்கு அக்காவைக் கட்டிலில் கட்டிப் போடுகிறாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"கரண்ட் இருக்கு மேடம்."

யார் பேசியது என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. மைக் சாரின் மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தார். மடியில் இருந்த ஃபைல் கீழே விழுந்து கிடந்தது.

"உட்காரு" என்றார் மைக் சார்.

"முப்பத்தாறு வருஷமா உட்கார்ந்துதான் இருக்கேன். நீங்க பேசுற வீட்ல நான் எப்பப் பேசுறது? இன்னைக்கு நீங்க உட்காருங்க." அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "அது ரூம்தான் மேடம். என் மாமியாரு நாலு வருஷம் அதுலதான் படுத்திருந்தாங்க. படி ஏற முடியலன்னு இவரு அவசர அவசரமாக் கட்டினாரு. அனுமதிக்கு அலைஞ்சா அம்மா அதுக்குள்ள போயிடுவாங்கன்னு பயம். கரண்ட் இழுத்தது இந்தக் கரண்ட் அக்காதான். கட்டிலுக்குப் பக்கத்துல, அம்மா கைக்கு எட்டுற மாதிரி ஒரு சுவிட்சு வச்சாங்க. நாங்க கேக்கல, இவங்களாத்தான் வச்சாங்க. லைட்டைப் போட யாரையும் கூப்பிட வேண்டாமேன்னு. போறதுக்கு முந்தின நாள்கூட அம்மா அவங்க கையாலதான் லைட்டைப் போட்டாங்க."

குமாஸ்தா மணிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"அம்மா போனதுலேர்ந்து இவரு தினமும் சாயங்காலம் அந்த ஜன்னல்கிட்டதான் உட்கார்றாரு" என்று அவர் கணவரைப் பார்த்தார். "அது இருட்டாயிடும்னு பயம். அதைச் சொல்ல வாய் வரல. சாக்கடையாம், தண்ணியாம், அமைதியாம்! ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரி வண்டி வருதுன்னு சொல்லத் தெரியும், மனசுல இருக்கிறதைச் சொல்லத் தெரியாது. இவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம மானம் போயிருக்கும்யா. சொன்னாங்களா?"

மைக் சார் கீழே கிடந்த ஃபைலைக் குனிந்து எடுத்தார்.  அப்புறம், கரண்ட் அக்காவுக்கு மட்டும் எட்டுகிற குரலில், "கூரையை மட்டும் ஒரு அடி இறக்கிக்கச் சொல்லுங்க. வெயில் வரும்" என்றார்.

"என்ன?" என்றார் அதிகாரி. "சத்தமாச் சொல்லுங்க."

"இறக்கிக்கறேன் மேடம்" என்றாள் கரண்ட் அக்கா. அவளுக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. "ஒரு அடி இல்ல, ஒன்றரை அடி இறக்கிக்கறேன். என் அக்கா நிக்கவா போறா?"

அதிகாரி பதினாலாவது கட்டத்தில் எழுதினார், மனைவி கையெழுத்துப் போட்டார், குமாஸ்தா முத்திரை குத்தினார். மைக் சாரின் அறைக்கு வேறு ஃபைல் திறக்கப்பட்டது: முப்பது நாளுக்குள் அவரும் விதித் தளர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாசலில் பலகை மாட்ட வேண்டும். மூன்றடி அகலம்.

இரண்டாம் நாள் காலையில் சுவருக்கு மேலே மைக் சாரின் தலை தெரிந்தது. அவரும் வாளியின்மேல்தான் ஏறியிருப்பார். கையில் விண்ணப்பப் படிவம்.

"ஏம்மா... இந்தப் பதினாலாவது கட்டம். அடுத்த மனையில ரூம் இருக்கான்னு கேக்குறான். உன் ரூமை எழுதிக்கலாமா? கட்டப் போறேன்னு?"

கரண்ட் அக்காவுக்கு அப்போதும் கோபம் முழுசாக ஆறவில்லை. நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றிருந்தது. "எழுதிக்குங்க சார்" என்றாள். "ஆனா மெதுவாப் பேசுங்க. தெருவுக்கே கேக்குது."

அக்கா வந்த அன்று மணி காலை பத்து. வண்டியிலிருந்து நாற்காலியை இறக்கியதும், வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் போட்டிருந்த சரிவான தளத்தில் அவளே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "ஏண்டி, தீப்பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி இருக்கு?" என்றாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று விசாரணை, பதினேழு கையெழுத்து, வீங்கிய கால் விரல், கடைசியில் தீப்பெட்டியாம்.

அக்கா குளியலறைக்குள் போனாள். நாற்காலி முழு வட்டம் திரும்பியது, சுவரில் எங்கும் இடிக்கவில்லை. இன்னொரு சுற்று சுற்றினாள். மூன்றாவது சுற்றும் சுற்றினாள். "ரைட், ரைட்" என்று அவள் உள்ளே சொல்லிக்கொள்வது வெளியே கேட்டது.

வெளியே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கே, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், சுவிட்சுப் பெட்டி. உட்கார்ந்தபடியே கையை நீட்டி அழுத்தினாள். விளக்கு எரிந்தது. அணைத்தாள். போட்டாள்.

"பதினாலு மாசம்டி" என்றாள். "இருட்டினா, யாராவது வர்ற வரைக்கும் இருட்டுலேயே உட்கார்ந்திருப்பேன். உன்கிட்ட சொன்னதில்ல."

கரண்ட் அக்கா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது மாடியில் அந்த வீட்டுக்கு வயரிங் செய்ததும் அவள்தான். எல்லா வீட்டையும் போலவே நாலரை அடியில், நாற்காலியில் உட்கார்ந்தவள் கைக்கு எட்டாத சுவிட்சு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனவள். பட்டப்பகலில் போய், பட்டப்பகலில் திரும்பியவள். ஊரான் அம்மாவுக்குத் தோன்றியது சொந்த அக்காவுக்குத் தோன்றவில்லை.

அக்கா மறுபடியும் அணைத்தாள், போட்டாள், அணைத்தாள், போட்டாள்.

"போதும்க்கா, சுவிட்சு போயிடும்" என்றாள் கரண்ட் அக்கா. 

"போனா என்னடி? கரண்ட்டுக்காரி பக்கத்து வீடுதானே" என்று அக்கா இன்னொரு தடவை போட்டாள்.